விற்பனையின் சராசரி மாற்ற வீதத்தைக் கணக்கிடும்போது

கடலூர் முதுநகரில் உள்ள ஒரு மீன் கடையின் விற்பனை ஜனவரியில் 2,40,000 ரூபாயாகவும் ஜூலையில் 3,00,000 ரூபாயாகவும் இருந்ததாகக் கொள்வோம். கடைசி மாத விற்பனையிலிருந்து முதல் மாத விற்பனையைக் கழித்து, இடைப்பட்ட மாதங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், மாதத்திற்குச் சராசரியாக 10,000 ரூபாய் உயர்வு என்று கிடைக்கும். இங்கே வகுக்க வேண்டிய எண் 6. மாதங்களின் பெயர்களை எண்ணி 7 என்று போட்டுவிடக் கூடாது.

ஆயினும் ஒவ்வொரு மாதமும் விற்பனை 10,000 ரூபாய் உயர்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிப்பதால், மார்ச்சில் 2,80,000 ரூபாயாக இருந்த விற்பனை மே மாதத்தில் 1,60,000 ரூபாயாகச் சரிந்திருக்கலாம். அப்படியானால் அந்த இரண்டு மாத இடைவெளியில் மட்டும் மாற்ற வீதம் மாதத்திற்கு 60,000 ரூபாய் இறக்கமாகவும், அடுத்த இரண்டு மாதங்களில் 70,000 ரூபாய் ஏற்றமாகவும் அமையும். கடனோ சரக்கோ வாங்கத் திட்டமிடுபவருக்கு உண்மையில் உதவுவது இந்தப் பகுதிவாரிக் கணக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

வளர்ச்சியை மதிப்பிட வேண்டுமெனில், இந்த ஆண்டு மே மாதத்தைச் சென்ற ஆண்டு மே மாதத்துடன் ஒப்பிடுங்கள்.