சாவி கைமாறும்போது கெப்பின் பின்பெட்டியில் நடக்கும் தவறுகள்

எங்கள் கெப்பின், அதாவது பின்னால் திறந்த பெட்டி வைத்த பிக்கப் வண்டியின், பின்கதவுக்கு ஒரு குணம் இருந்தது. தூக்கி மூடினால் இடப்பக்கக் கொக்கி மட்டும் 'டக்' என்று விழும். வலப்பக்கத்துக்கு முழங்காலால் ஒரு இடி கொடுக்க வேண்டும். ஆறு வருடமாக அந்த இடியைக் கொடுத்து வந்தேன். கொடுக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். கரட் மூட்டைகளைக் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மச்சான் கொண்டுபோனார். பாதி வழியில் பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்து நிறுத்தியிருக்கிறார். பின்கதவு ஒரு பக்கமாகத் தொங்குகிறது, மூன்று மூட்டையைக் காணவில்லை. "கதவை மூடினேன் மச்சான், சத்தம் கேட்டுச்சே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சத்தம் கேட்டதுதான், ஆனால் ஒரு சத்தம். இரண்டு கேட்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது?

மலையகத்தில் சொந்தக்காரர் மட்டும் ஓட்டுகிற கெப் அபூர்வம். மச்சான் ஓட்டுவார், தம்பி ஓட்டுவான், சம்பளத்துக்கு வரும் சாரதி ஓட்டுவார். தோட்டத்தில் சாவு வீடு என்றால் யாராவது வந்து சாவியைக் கேட்பார்கள், மறுக்க முடியாது. கராஜ்காரர் ஓட்டிப் பார்ப்பார். இத்தனை பேருக்கும் சாவியைக் கொடுக்கிறோம். பின்பெட்டியைப் பற்றி நம் கைக்கும் காலுக்கும் தெரிந்ததைக் கொடுக்கிறோமா என்றால் இல்லை. கீழே வரும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

பழுதோடு பழகிப்போவது

பின்கதவை ஒரு முறை வேறொருவரை மூடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பழுது இருக்கிறது. கொக்கியில் சேறும் உரத்தூளும் அடைத்திருக்கும், அல்லது உள்ளே ஓடும் கம்பி வளைந்திருக்கும். கழுவி, கிரீஸ் போட்டு, கம்பியை நிமிர்த்தினால் முடிகிற வேலை. என்னுடையது அரை மணி நேரத்தில் சரியானது. ஆறு வருடம் முழங்காலைத் தேய்த்தது வேறு கதை.

மூடிய பிறகு கதவின் மேல் விளிம்பை இரண்டு மூலையிலும் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடமும் பார், வலமும் பார். இதைக் கதவின் உட்பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டால் எழுதியே வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பூட்டு விழுந்துவிட்டது என்று நம்புவது

ரிமோட்டை அமுக்கினால் கதவுகள் பூட்டிக்கொள்கின்றன, விளக்கு ஒரு தரம் மின்னுகிறது. பழைய கெப்கள் பலவற்றில் அந்தப் பூட்டு ஆள் ஏறும் கதவுகளோடு நின்றுவிடும், பின்கதவுக்குப் போகாது. பின்கதவில் தனிச் சாவித்துளை இருக்கலாம், அதுவும் இல்லாமல் வெறும் கைப்பிடி மட்டும் இருக்கலாம். கார் ஓட்டிப் பழகிய ஒருவர் உங்கள் கெப்பை வாங்கிக்கொண்டு போனால், பட்டனை அமுக்கிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். பெட்டிக்கு மேல் கெனொப்பி என்ற மூடுகூடு போட்ட வண்டி என்றால் அதன் பின்கண்ணாடிக்கு இன்னொரு சாவி. அதைச் சொல்லாமல் கொடுத்தால், பூட்டத் தெரியாமல் திறந்தே விட்டுவிடுவார்.

பின்கதவையே கழற்றிக்கொண்டு போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பல மொடல்களில் பக்கத்துக் கம்பி இரண்டையும் விடுவித்து, கதவை அரைவாசி சரித்துத் தூக்கினால் கீல் தனியாக வந்துவிடும். ஸ்பேனர் கூட வேண்டியதில்லை. இதற்கு மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. ரேடியேட்டர் குழாய்க்குப் போடுவோமே, அந்த ஹோஸ் கிளிப், அதில் ஒன்றைக் கீலைச் சுற்றி இறுக்கிவிட்டால் கதவு அப்படி வெளியே வராது. திருடன் ஸ்குருடிரைவரோடு வந்தால் கழற்றுவான்தான். ஆனால் சந்தை வாசலில் நின்று அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

ஸ்பெயார் டயரும் அப்படித்தான். பெட்டிக்கு அடியில் ஒரு சின்னக் கம்பிக் கயிற்றில் தொங்குகிறது. கம்பியை விட்டு இறக்கினாலும் வரும், வெட்டினாலும் வரும். ஒரு சங்கிலியும் பூட்டும் போட்டுவிடுங்கள். அந்தப் பூட்டின் சாவி வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், இருக்கும் இடம் ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். சாவியை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, இரவு 9 மணிக்கு றம்பொடையில் டயர் வெடித்து நிற்கிற தம்பியோடு ஃபோனில் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். சரி, ஒருவரைத் தெரியும். நான்தான்.

சாவிக்கொத்தை அப்படியே கொடுப்பது

கராஜுக்கும் கழுவுகிற இடத்துக்கும் வண்டி போகும்போது இஞ்சின் சாவி மட்டும் போதும். வீட்டுச் சாவி, கடைச் சாவி, கருவிப் பெட்டிச் சாவி எல்லாம் தொங்குகிற கொத்தைக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஏப்ரலில் வசந்தகாலக் கூட்டத்தின்போது நுவரெலியாவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல், வழிமறித்து உதவுகிற முகம் தெரியாத பையனிடம் சாவியை நீட்டுகிறோம். அந்த நேரத்தில் பின்பெட்டி காலியாக இருப்பதுதான் நல்ல பூட்டு. கருவிப் பெட்டி, ஜெக், கயிறு, தறப்பாள், எல்லாம் முன்னாலேயே இறங்கட்டும். இறக்க முடியாத பெட்டி என்றால் வாகனச் சாவி பொருந்தாத தனிப்பூட்டு ஒன்றைப் போட்டு, அந்தச் சாவியை உங்கள் பொக்கட்டில் வையுங்கள்.

பாரத்தை ஏற்றியவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர்

களவை விட எனக்குப் பயம் இதுதான். ஏற்றியவருக்குத்தான் எது கனம், எது உருளும், எந்தக் கயிறு பழசு என்று தெரியும். அவர் இறங்கி வீட்டுக்குப் போகிறார். ஓட்ட வருகிறவர் மேலே போட்ட தறப்பாளை மட்டும் பார்க்கிறார்.

கனமான சாமானைப் பின்கதவுப் பக்கம் வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. இறக்குவதற்கு லேசு என்று வைக்கிறோம். பின் அச்சுக்கும் பின்னால் கனம் விழுந்தால், தராசு போல முன்பக்கம் மேலே எழும்பும். முன் டயர் ரோட்டை அழுத்துவது குறையும், ஸ்டியரிங் இலேசாகும், வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். சொந்தக்காரருக்கு அந்த இலேசு கையில் தெரியும், வேகத்தைக் குறைப்பார். புதிதாக ஓட்டுகிறவர் "பவர் ஸ்டியரிங் நல்லா இருக்கே" என்று நினைப்பார். ஆகவே கனமானது ஆள் உட்காரும் கெபினோடு ஒட்டி, கீழே. இலேசானது பின்னால், மேலே.

முன்பக்கம் எழும்பினால் ஹெட்லைட்டும் எழும்பும். நானுஓயாப் பக்கம் பனிமூட்டத்தில் இதன் அருமை தெரியும். வெளிச்சம் ரோட்டில் விழாமல் பனியில் விழுந்து, கண்ணெதிரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். எதிரே வருகிற பஸ்காரருக்கும் கண் கூசும். பல கெப்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எழுதிய ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பாரம் ஏற ஏற அதைப் பெரிய இலக்கத்துக்குத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். சொந்த வண்டியிலேயே அதைத் தொட்டுப் பார்க்காதவர்கள் ஏராளம்.

அடுத்தது, "கனம்தானே, எங்கே போகப்போகிறது" என்ற எண்ணம். 200 லீற்றர் டீசல் நிரப்பிய பீப்பாய் ஏறக்குறைய 190 கிலோ வரும். பாரம் கட்டுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று இருக்கிறது: சடுதியாகப் பிரேக் அடித்தால் சாமானின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை அதை முன்னே தள்ளும், வளைவில் பத்தில் ஐந்து பங்கு பக்கவாட்டில் தள்ளும். அந்தக் கணக்கில், பிரேக் அடித்த கணத்தில் உங்கள் பீப்பாய் 150 கிலோவுக்கு மேல் அழுத்தத்தோடு கெபின் பின்கண்ணாடிப் பக்கம் வரப் பார்க்கிறது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பெட்டி மழையில் நனைந்தால் இன்னும் வழுக்கும். ரப்பர் விரிப்பு பிடித்துக்கொள்ளும்.

ஏற்றத்தில் இது தலைகீழ். 100 மீற்றருக்கு 10 மீற்றர் ஏறுகிற ரோட்டில், 500 கிலோ மூட்டைகள் வழுக்கத் தொடங்கினால் 50 கிலோ அளவுக்குப் பின்கதவில் சாய்கின்றன. நம் பக்கத்துத் தோட்டத்து ரோடுகளில் அதை விடச் செங்குத்து இருக்கிறது, போதாததற்குக் குழிகள். இரண்டு கொக்கியில் நிற்கிற கதவை மதில் என்று நினைக்கக்கூடாது. கயிறு பாரத்தைப் பிடிக்க வேண்டும், கதவு சும்மா மூடியிருக்க வேண்டும்.

கயிறு என்றதும் ஒன்று. இறுகக் கட்டிய கோவா மூட்டை குலுங்கிக் குலுங்கி அமுங்கும். நைலோன் கயிறு நனைந்தால் கொஞ்சம் நீளும். ஆக, நுவரெலியாவில் வீணைத் தந்தி போல இருந்த கட்டு, கீழே இறங்கும்போது கொடிக் கயிறாகிவிடும். முதல் 10 கிலோமீற்றருக்குள் ஒரு தரம் நிறுத்தி இறுக்கிவிட்டுப் போவது என்று ஓட்டுகிறவரோடு பேசிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் என்றும் பேசிக்கொள்ளுங்கள்: "நானுஓயா டவுனில் நிறுத்தி, கயிற்றைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு." "பார்த்து ஓட்டு" என்பதை விட இது எவ்வளவோ மேல். கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற ரெச்சட் பெல்ட் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஓட்டுகிறவருக்கு அதை இறுக்கவும் விடவும் தெரியுமா என்று கையில் கொடுத்துப் பாருங்கள். விடத் தெரியாமல் கத்தியால் வெட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு. கொக்கி வைத்த ரப்பர் கயிறு தறப்பாளை அடக்க மட்டும்தான், பாரத்துக்கு ஆகாது.

தறப்பாளைப் பின்னாலிருந்து முன்னாகப் போடுங்கள். இரண்டு துண்டு என்றால் முன் துண்டு மேலே, பின் துண்டு அதற்கு அடியில். மாற்றிப் போட்டால் காற்று இடுக்கில் புகுந்து தூக்கும், வட்டவளைப் பக்கத்து மழையும் உள்ளே போகும். அங்கே மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காலிப் பெட்டியைக் கவனிக்காமல் விடுவது

இறக்கிவிட்டுத் திரும்பும்போது எல்லோருக்கும் அசதி. பலகை, காலிக் கூடை, சுருட்டாத தறப்பாள், ஒரு காலிப் பீப்பாய் எல்லாம் அப்படியே கிடக்கும். பாரம் இருந்தபோது அசையாத இவைதான் இப்போது பறக்கும். பறந்த பலகை பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் நெஞ்சுக்கு நேரே போகும். தறப்பாளைச் சுருட்டிக் கெபினுக்குள் வையுங்கள். காலிக் கெப்பின் பின்பக்கம் இலேசு, ஈர ரோட்டில் சறுக்கும் என்பதையும் கார் ஓட்டிப் பழகியவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு கிளைக்கதை. ஏற்றத்தில் நிறுத்தும்போது டயருக்கு அடை கொடுக்கிற கல்லை எடுக்காமல் போகிறார்களே, அவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். இருட்டில் அந்தக் கல்லில் ஏறுகிறவன் யாராக இருந்தாலும் மனிதன்தானே. ஒரு மரக்கட்டையை ஆப்பு வடிவில் அறுத்து, கயிற்றால் பெட்டியின் வளையத்தில் கட்டி வைத்தேன். கட்டியிருப்பதால் யார் ஓட்டினாலும் மறக்க முடியாது.

சேரக்கூடாததைச் சேர்ப்பது

மருந்தடிக்கும் டாங்கியும் பூச்சிமருந்துப் போத்தலும் உருளைக்கிழங்கு மூட்டையோடு போகக்கூடாது. மண்ணெண்ணெய்க் கலன் மா மூட்டையோடு போகக்கூடாது. 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி, மூலையில் கட்டி, பெட்டியிலேயே வையுங்கள். மழை என்று கெபினுக்குள் எடுத்து வைக்கிற நல்ல மனசு இங்கே ஆபத்து.

ஆட்கள்

சந்தியில் நாலு பேர் கை காட்டுவார்கள். "தம்பி, தோட்டத்து டிவிஷன் வரைக்கும்தான்." தெரிந்த முகங்கள், கையில் பை, மழை வேறு. நீங்கள் ஓட்டினால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பீர்கள். உங்கள் வண்டியை ஓட்டுகிற பையனால் பெரியவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மூட்டைக்கு மேல் உட்கார்ந்தவருக்குப் பிடிக்க எதுவும் இல்லை, வளைவில் மூட்டை சரிந்தால் அவரும் சேர்ந்து சரிவார். அதனால் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்து அனுப்புங்கள்: "அண்ணன் ஏத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு, ஏச்சு விழும்." அந்த ஒரு வசனம் போதும், பையன் தப்பிப்பான்.

காப்புறுதிப் பத்திரத்தைப் படிக்காமல் இருப்பது

மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால் எல்லோரிடமும் இருக்கும். அது மற்றவருக்கு நேர்ந்த சேதத்துக்கு. உங்கள் பெட்டியில் இருந்த லீக்ஸுக்கோ உங்கள் கெப்புக்கோ அல்ல. முழுக் காப்புறுதி என்றாலும் யார் ஓட்டலாம், வாடகைக்கு ஓடலாமா, ஏற்றிய சாமான் அடங்குமா என்ற மூன்றையும் பத்திரத்தில் தேடிப் பாருங்கள். சொந்தப் பாவனை என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஹயருக்கு அனுப்பினால், நட்டஈடு கேட்கிற நாளில்தான் அந்த வரி கண்ணில் படும்.

வண்டி திரும்பி வரும்போது

கொடுக்கும்போது பெட்டியை நாலு படம் எடுத்துக்கொள்வேன்: கதவு, நாலு மூலை வளையம், கருவிகள், அடியில் ஸ்பெயார் டயர். வந்ததும், இருட்டுவதற்குள், அதே நாலு படம். இதில் சந்தேகப்படுவதற்கு ஒன்றுமில்லை, மச்சானுக்கு முன்னாலேயே எடுக்கிறேன், வண்டிக்கு அடியில் எடுக்கும்போது அவரே விளக்கைப் பிடிக்கிறார். இதுவரை ஜெக் தொலைந்ததில்லை, டயர் தொலைந்ததில்லை. கயிறுதான் குறையும். போன மாதம் இரண்டு குறைந்தது. ஒன்று கெப்பெட்டிபொலவில் யாருக்கோ இரவல் போயிருக்கிறது. மற்றது மச்சான் வீட்டுப் பின்புறம், இரண்டு கொய்யா மரத்துக்கு நடுவில், துணி காயப்போட்டபடி இருக்கிறது. அக்கா துணிகளை எடுக்கும் வரை காத்திருக்கிறேன்.