வெப்சைட் செஞ்சாச்சு, யார்கிட்ட காட்டி எப்படி கேக்குறது?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கத்துக்கிட்டு நாலு பேஜ் சைட் ஒண்ணு செஞ்சு, லிங்க்க வாட்சப் குரூப்ல போட்டு "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா எல்லாரும் "சூப்பர்"னு போடுவாங்க, அத வச்சு ஒரு வரிகூட திருத்த முடியாது. ஆடுதுறை பக்கம் சித்தப்பாவோட நெல்லு விதை விக்க சைட் செஞ்சப்போ நான் கத்துக்கிட்டத சொல்றேன்.

முதல்ல நெட்ல ஏத்துங்க, சைட்ட ஏத்தி வைக்க இடம் தர்ற கிட்ஹப் பேஜஸ்ல காசு கிடையாது. ஏத்துனதும் எல்லா பேஜ்லேருந்தும் எல்லா லிங்க்கையும் தட்டிப் பாருங்க. ஃபைல் பேர்ல கேப்பிட்டல் லெட்டர், ஸ்மால் லெட்டர் வித்தியாசத்த விண்டோஸ் கண்டுக்காது, கிட்ஹப் பேஜஸ் கண்டுக்கும், லேப்டாப்ல ஓடுன லிங்க் அங்க 404, அதாவது பேஜே இல்லன்னு காட்டும்.

ரெண்டாவது, உங்களுக்கே தெரியுற தப்ப நீங்களே சரி பண்ணிருங்க. குரோம்ல எஃப்12, அப்புறம் கன்ட்ரோல் ஷிஃப்ட் எம் தட்டுனா சைட்ட போன் ஸ்கிரீன் மாதிரி காட்டும், அகலத்த 320 பிக்சல் வரைக்கும் கொறைங்க. எனக்கு ரகம், வயசு, பட்டம், விலைன்னு போட்ட டேபிள் (ஏடிடி 43, 110 நாள், குறுவைன்னு வரிசையா) ஸ்கிரீன விட்டு வெளில போச்சு, அத ஒரு டிவ்வுக்குள்ள வச்சு ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஆட்டோ குடுத்தேன், டேபிள் மட்டும் பக்கவாட்டுல நகரும். "மாப்பிள்ளைச்சம்பா"ன்னு சேத்து எழுதுன தலைப்பும் கட்டத்துல அடங்கல, தமிழ் சைட்டுக்கு நீள வார்த்தைய ஒடச்சு அடுத்த வரிக்குக் கொண்டுபோற ஓவர்ஃப்ளோ ராப் கண்டிப்பா வேணும். பேஜ போன் அகலத்துக்கு ஏத்த மாதிரி காட்டச் சொல்ற மெட்டா வியூபோர்ட் டேக் எல்லா பேஜ்லயும் இருக்கணும், ஹோம் பேஜ்ல மட்டும் போட்டா பத்தாது.

மூணாவதுதான் முக்கியம். கருத்து கேக்காதீங்க, வேலை குடுங்க. "சித்தப்பா, குறுவைக்கு என்ன விதை இருக்குன்னு இதுல பாத்து சொல்லுங்க"ன்னு போன கையில குடுத்துட்டு நான் வாயே தொறக்கல. அவரு வரப்புல நின்னு வெயில கையால மறைச்சுக்கிட்டுப் பாத்தாரு, வெள்ளைல இளம்பச்சை எழுத்து ஒண்ணும் தெரியல. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும்னு டபிள்யூசிஏஜி (எல்லாரும் பயன்படுத்துற மாதிரி சைட் செய்யுறதுக்கான வழிகாட்டி) சொல்லுது, குரோம்லயே இருக்குற லைட்ஹவுஸ்ங்குற சோதனைக் கருவில ஓட்டுனா எங்க கொறையுதுன்னு காட்டும். மேல இருந்த மூணு கோடு மெனுன்னே அவருக்குத் தெரியல, பக்கத்துலயே "மெனு"ன்னு எழுதிட்டேன். போன் நம்பர ரெண்டு தடவ தட்டுனாரு, கால் போகல, நான் அத வெறும் எழுத்தா போட்டிருந்தேன், தட்டுனா கால் போற டெல் லிங்க்கா மாத்துனேன்.

கோடிங் தெரிஞ்சவங்ககிட்ட கேக்குற விதம் வேற. எந்த பேஜ், எந்த அகலம், நீங்க என்ன செஞ்சு பாத்தீங்கன்னு சேத்து கேளுங்க: "768 பிக்சலுக்குக் கீழ நேவ்பார்ல கடைசி லிங்க் வெட்டுப்படுது, ஃப்ளெக்ஸ் ராப் போட்டும் சரியாகல, ஏன்?" இப்படி கேட்டா பதில் வரும்.

ரெண்டு பேர் ஒரே எடத்துல தடுமாறுனா அதத்தான் முதல்ல திருத்துங்க, கலர் புடிக்கலங்குறதெல்லாம் அப்புறம். திருத்துனத அதே ஆள்கிட்ட குடுக்காதீங்க, அவருக்கு வழி பழகிருக்கும். அதனால கடைசில, விதை வாங்க வந்த வேற ஒருத்தர்கிட்ட நான் போன நீட்டுனேன்.