வீட்டிலேயே சோடியம் சிட்ரேட் செய்து, திரியாத சீஸ் சாஸ் காய்ச்சுவது எப்படி?

செடார் சீஸைத் துருவிப் பாலில் போட்டு நேரடியாகச் சூடாக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் ரப்பர் மாதிரி ஒரு கட்டி நிற்கும். ஆனால் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பொரித்த கோழி மேல் ஊற்றித் தருகிற சீஸ் சாஸ் ஆறினாலும் வழவழப்பு குறைவதில்லை. இந்த மாதிரி சாஸ்களில் ‘உருக்கும் உப்பு’ என்று ஒரு வகை உப்பைச் சேர்ப்பார்கள். அந்த வகையில் நம் வீட்டிலேயே செய்ய முடிந்தது சோடியம் சிட்ரேட். என்னைக் கேட்டால், வேதியியல் படிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உப்பு சமையலறையில் கிடையாது. செய்கிற ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் ஏதாவது இருக்கிறது.

வாங்க வேண்டியவை

சிட்ரிக் அமிலம், ஆப்ப சோடா, அவ்வளவுதான். பினாங்கில் கேக் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் ‘அசிட் சிட்ரிக்’, ‘சோடா பைகார்பனாட்’ என்று கேளுங்கள், சிறு பொட்டலமாகவே கிடைக்கும். உணவுத் தரம்தானா என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம். அதில் ஏற்கெனவே அமிலமும் மாவும் கலந்திருக்கும், கணக்குக் கெட்டுவிடும். கிராமைப் புள்ளிக்குப் பிறகும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று தேவை. பாத்திரம் கண்ணாடி அல்லது எவர்சில்வர். அலுமினியத்தை அமிலம் அரிக்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் சிட்ரிக் அமிலம் சீக்கிரம் கட்டி தட்டிவிடும். பிரித்ததும் இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.

உப்பு செய்வோம்

1. உயரமான கிளாஸில் 60 மில்லி தண்ணீர் ஊற்றி, 6 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். கிளாஸ் உயரமாக இருப்பது முக்கியம், காரணம் அடுத்த வரியிலேயே தெரியும்.

2. ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். உஸ்ஸென்று நுரை பொங்கி விளிம்பு வரை ஏறும். அது அடங்கிய பிறகு அடுத்த சிட்டிகை. இந்தச் சமயத்தில் கிளாஸை வெளிப்பக்கம் தொட்டால் சில்லென்றிருக்கும். இந்த வினை சுற்றியுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதுதான் காரணம்.

3. பொட்டலத்தில் ‘நீரற்றது’ என்ற பொருளில் அன்ஹைட்ரஸ் என்று போட்டிருந்தால் மொத்தம் 7.9 கிராம் சோடா, ‘நீர் சேர்ந்தது’ என்ற பொருளில் மோனோஹைட்ரேட் என்றால் 7.2 கிராம். எதுவுமே போடவில்லையா? 7 கிராமில் நிறுத்தி, அப்புறம் துளித்துளியாகச் சேர்த்து, நுரை வராத இடத்தில் விட்டுவிடுங்கள். கொஞ்சம் அமிலம் மிஞ்சினால் பரவாயில்லை. சோடா மிஞ்சினால்தான் சவர்க்காரச் சுவை வரும்.

4. கரைசலைச் சிறு பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் ஒரு கொதி வரும்வரை வையுங்கள். கரைந்திருக்கும் வாயு வெளியேறித் தண்ணீர் தெளியும்.

இப்போது பாத்திரத்தில் ஏறக்குறைய 8 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கிறது. நாக்கில் ஒரு துளி வைத்தால் உப்பும், ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு புளிப்பும் தெரியும்.

நடந்தது இதுதான். சிட்ரிக் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் கழன்று போகக்கூடிய ஹைட்ரஜன்கள் மூன்று. அந்த மூன்று இடத்திலும் சோடியம் வந்து உட்காருகிறது. கழன்ற ஹைட்ரஜன் ஆப்ப சோடாவோடு சேர்ந்து தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் போகிறது. 6 கிராம் அமிலத்திலிருந்து 2 லிட்டருக்கு மேல் வாயு கிளம்புகிறது என்றால் அந்த நுரைக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சாஸ்

கரைசலோடு 100 மில்லி பால் சேர்த்து, ஆவி பறக்கும் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் செடாரைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவி, ஒரு பிடி போடுவது, கலக்குவது, கரைந்ததும் அடுத்த பிடி. துருவியே விற்கிற சீஸில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அதைத் தவிருங்கள். முதல் பிடியில் கொஞ்சம் திட்டுத்திட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மூன்றாவது பிடிக்குள் கரண்டியிலிருந்து பட்டை பட்டையாக வழியும். கடைசியில் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய். ரொட்டி சானாய்க்கு இது அருமையான ஜோடி.

சீஸில் இருக்கும் கேசீன் என்ற புரதத்தைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கட்டு விட்ட புரதம் தண்ணீரில் விரிந்து, கொழுப்புத் துளிகளைச் சுற்றிக்கொண்டு பிரியவிடாமல் வைக்கும். 1911-ல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் கெர்பர், ஸ்டெட்லர் என்ற சீஸ் தயாரிப்பாளர்கள் எமென்டால் சீஸை உருக்கிக் கெடாமல் வைக்க இந்த உப்பைத்தான் பயன்படுத்தினார்கள்.

கால்சியத்தைப் பிடிக்கும் இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்தது, அது சமையலறையோடு நிற்காததால். இரத்தம் உறையவும் கால்சியம் வேண்டும். 1914-ல் பெல்ஜியத்தில் ஹஸ்டின் என்ற மருத்துவரும் அர்ஜென்டினாவில் அகோட்டே என்ற மருத்துவரும், உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த இரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றிக் காட்டினார்கள். கொடுப்பவரையும் பெறுபவரையும் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டிய நிலை அதன் பிறகுதான் மாறியது. இன்று கோலாலம்பூர் தேசிய இரத்த மையத்தில் நீங்கள் தானம் செய்தாலும் பையில் முன்கூட்டியே சிட்ரேட் இருக்கும். தட்டணுக்களை மட்டும் எடுக்கும் தானத்தில் சிலருக்கு உதடு மரமரப்பதும் இதனால்தான். இயந்திரத்திலிருந்து திரும்பி வரும் இரத்தத்தோடு கொஞ்சம் சிட்ரேட் உடம்புக்குள் போய், அங்கேயும் கால்சியத்தைப் பிடிக்கிறது.

வயிற்றுப்போக்குக்குக் கிளினிக்கில் தரும் உப்புக் கரைசல் பொடியிலும் இது உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.9 கிராம். முன்பு அந்த இடத்தில் ஆப்ப சோடாதான் இருந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் அந்தப் பொட்டலம் சீக்கிரம் கெட்டதால் சிட்ரேட்டுக்கு மாறினார்கள். ஆனால் நாம் செய்த கரைசலை யாரும் மருந்தாகக் குடிக்கக் கூடாது. அதற்குக் கிளினிக் பொடிதான்.

ரத்தக்கொதிப்பு உள்ள வீடுகளுக்கு

இதைக் கட்டாயம் படியுங்கள். 8 கிராம் சோடியம் சிட்ரேட்டில் சோடியம் மட்டும் 2 கிராமுக்குச் சற்று மேல். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் கீழ் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சீஸிலும் தனியாக உப்பு இருக்கிறது. ஆகவே சாஸில் உப்பு போடவே வேண்டாம், செய்ததை ஐந்தாறு பேர் பகிர்ந்து தொட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

மிச்சம் இருந்தால் குளிர்பெட்டியில் மூடி வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். ஆறினால் கெட்டியாகும், இரண்டு கரண்டி பால் விட்டு மெதுவாகச் சூடாக்கினால் மறுபடி இளகும். கடையில் தயாராக விற்கும் சோடியம் சிட்ரேட்டை வாங்குகிறவர்கள் லேபிளில் நீர் சேர்ந்தது என்ற பொருளில் டைஹைட்ரேட் என்றிருந்தால் 8 கிராமுக்குப் பதில் 9 கிராம் எடுத்து, அதே 60 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம்.