எண்கள் பொருந்தினால் மட்டும் போதாது: ஜெர்மன் போர்க்கால ரைஃபிள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பென்சில்வேனியாவில் ஒரு துப்பாக்கிச் சந்தையில், என் மேசைக்கு அடுத்த மேசையில் ஓர் இளைஞர் கே98கே ரைஃபிள் ஒன்றை வாங்கினார். விற்றவர், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டான போல்ட்டில் இருந்த எண்ணைக் காட்டினார். குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடலான ரிசீவரில் இருந்த எண்ணைக் காட்டினார். இரண்டும் ஒன்று. "என் பெரியப்பா நார்மண்டியிலிருந்து கொண்டுவந்தது" என்றார். பத்து நிமிடத்தில் பணம் கைமாறியது. மகிழ்ச்சியோடு அதை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது, மரக்கட்டையில் வார் கோக்கும் துளையின் உள்மூலையில் செம்பழுப்பு நிறத்தில் அரக்கு மெருகு ஒட்டியிருந்தது. என் வயிறு கலங்கிவிட்டது. 2009இல் இதே கதையை நம்பி, இதே மாதிரி ரைஃபிளை நானும் வாங்கியிருக்கிறேன்.

குழலுக்குள் பார்த்து வாங்குங்கள், உங்கள் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள் என்பவற்றை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு.

முதலில் விலை ஏன் ஏறியது என்பது தெரிய வேண்டும். 1935இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிள் இது. 1898ஆம் ஆண்டு மவுசர் வடிவமைப்பின் குறுகிய வடிவம், 60 செ.மீ. குழல், 7.92 மி.மீ. தோட்டா, பெட்டியில் ஐந்து. போர் முடிவதற்குள் 1.4 கோடிக்கும் மேல் செய்துவிட்டார்கள். இத்தனை கோடியில் அரிது என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கிழக்குப் போர்முனையில் செஞ்சேனை கைப்பற்றியவை சோவியத் கிடங்குகளில் பல்லாண்டுகள் கிடந்தன. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அவை கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தன. அந்த வரத்து இப்போது வற்றிவிட்டது. வாங்குவோர் கூட்டமோ வளர்ந்துகொண்டே போகிறது. நான் தொடங்கிய காலத்தில் 300 டாலருக்குப் பேரம் பேசிய ரகத்துக்கு இன்று அதைப்போல மூன்று, நான்கு மடங்கு கேட்கிறார்கள். தொழிற்சாலையில் பூட்டியபடியே எல்லா எண்களும் பொருந்திய ரைஃபிள் என்றால் விலை இன்னும் பல மடங்கு. இந்த இடைவெளியில்தான் மோசடி குடியிருக்கிறது.

பொருந்தும் எண்களை அப்படியே நம்புவது

கே98கே தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது ரிசீவர், குழல், போல்ட், அடித்தகடு, கட்டை எல்லாவற்றிலும் அதன் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். சிறு திருகுகளில்கூடப் பெரும்பாலும் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். சோவியத் கிடங்குகளில் இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, கைக்குக் கிடைத்த பாகங்களைக் கொண்டு திரும்பப் பூட்டினார்கள். பழைய எண்ணை அடித்துவிட்டு, உலோகத்தில் கீறி எழுதும் மின்பேனாவால் புதிய எண்ணைக் கிறுக்கினார்கள். கட்டைக்கு அரக்கு மெருகு பூசினார்கள். ரிசீவரின் இடப்பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியை அடித்தார்கள். இது ரஷ்யர் கைப்பற்றியது என்பதற்கான அடையாளம் அது.

இப்போது ஒரு மோசடிக்காரனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெருக்கல் குறியை வெல்டிங்கால் நிரப்பித் தேய்த்து நிறம் பூசினால் போதும். மின்பேனாக் கிறுக்கலை அரைத்தெடுத்து, எண் அச்சுகளால் சுத்தியலடித்து ரிசீவரின் எண்ணையே பொறித்தால் போதும். ஒரு வாரம் உழைத்தால் விலை மும்மடங்காகிவிடும்.

2009இல் நான் வாங்கியது 'பி-ஒய்-எஃப் 43' குறியிட்டது. அதாவது ஓபர்ன்டார்ஃப் ஊரில் மவுசர் தொழிற்சாலை 1943இல் செய்தது. 1,100 டாலர் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாக எடுத்துக் காட்டினேன். ஒருநாள் வயதில் மூத்த சேகரிப்பாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். போல்ட்டை உருவினார், பூதக்கண்ணாடியை வைத்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் கழுகுக்குக் கீழே என்ன எண் இருக்கிறது?" 623 என்று படித்தேன். ஓபர்ன்டார்ஃப் மவுசரில் இருந்த ராணுவ ஆய்வாளரின் கழுகு முத்திரை எண் 135. 623 என்பது ஆஸ்திரியாவில் ஸ்டேயர் தொழிற்சாலையின் முத்திரை. ஸ்டேயரில் செய்த போல்ட்டில் ஓபர்ன்டார்ஃப் வரிசை எண் எப்படி வந்தது? கட்டையைக் கழற்றினோம். குழல் படியும் பள்ளத்தில் முற்றிலும் வேறொரு எண், அதன்மேல் ஒரு கோடு.

பணம் போனது எப்போதோ ஆறிவிட்டது. ஆறாதது வேறு. அந்த ரைஃபிள் கிழக்குப் போர்முனைக்குப் போனது, யாரிடமிருந்தோ கைப்பற்றப்பட்டது, கிடங்கில் பழுதுபார்க்கப்பட்டது, இன்னொரு போர் வந்தால் எடுக்கலாம் என்று பல்லாண்டு காத்துக் கிடந்தது. அந்தப் பெருக்கல் குறியும் மின்பேனாக் கிறுக்கலும் அதற்கான சான்றுகள். அவற்றை ஒருவன் அரைத்தெறிந்துவிட்டு, நடக்காத ஒன்றை அதன்மேல் பொறித்திருக்கிறான். ஒரு கல்வெட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு பாடம் வெட்டியதைப் போன்றது அது. யாராலும் இனித் திருப்ப முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? எண்களைப் படிப்பதை நிறுத்திவிட்டு உலோகத்தைப் பாருங்கள். கே98கேயின் போல்ட்டுகளைப் பெரும்பாலும் நிறமேற்றாமல் வெள்ளை உலோகமாகவே விட்டார்கள். சோவியத் கிடங்குகளில் அவற்றையும் கருநிறக் கரைசலில் முக்கினார்கள். மோசடிக்காரன் அதைத் தேய்த்து மீண்டும் பளபளப்பாக்குகிறான். அப்போது விளிம்புகள் மழுங்கும், முத்திரைகள் ஆழமிழக்கும், முத்திரைக் குழியின் அடியில் மட்டும் கருமை எஞ்சும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் இது தெளிவாகத் தெரியும். கைப்பிடி தொடங்கும் இடத்தில் எண் பொறித்த தட்டையான பரப்பைச் சாய்வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். அரைத்த இடம் பள்ளமாக ஒளியை வளைக்கும். புதிதாக அடித்த எண்ணைச் சுற்றி உலோகம் கூராக எழும்பி நிற்கும்; எண்பது ஆண்டுப் பழைய எண்ணின் கரை தேய்ந்து படிந்திருக்கும். இலக்கங்களின் வடிவத்தையும் ரிசீவரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். நான்கின் மூடிய வாய், ஏழின் சாய்வு போன்றவற்றில் பிசகு வெளிப்படும்.

ரிசீவரின் இடப்பக்கத்தை வெயிலில் பார்க்க வேண்டும். மண்டபத்தின் குழல்விளக்கில் ஒரே நிறமாகத் தெரிவது, வெயிலில் ஓரிடத்தில் மட்டும் ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறினால் வைத்துவிட்டு நகருங்கள். அரக்கு சாராயத்தில் கரையும் என்பதால் கட்டையைச் சுத்தப்படுத்துவது எளிது. ஆனால் குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் வளையங்களுக்கு அடியிலும், வார்த்துளையின் மூலையிலும், முத்திரைக் குழிகளிலும் அது தங்கிவிடும். கடைசியாகச் சிறு திருகுகள். போல்ட்டுக்கு மெனக்கெடும் மோசடிக்காரன் திருகுகள்வரை போவது அபூர்வம்.

இதையெல்லாம் பார்க்க ரைஃபிளைக் கழற்ற வேண்டும். பெரிய திருகு இரண்டு, அவற்றைப் பூட்டும் சிறு திருகு இரண்டு, அவ்வளவுதான். காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியைக் கையோடு கொண்டுபோங்கள். கழற்ற விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

கதைக்கு விலை கொடுப்பது

இறக்குமதியாளரின் முத்திரை இல்லை, ஆகவே இது போர்வீரர் கையோடு கொண்டுவந்தது என்ற வாதத்தைச் சந்தைக்குச் சந்தை கேட்கிறேன். அந்த முத்திரை கட்டாயமானது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். 1950களிலும் 60களிலும் உபரி ரைஃபிள்கள் தபாலிலேயே விற்பனையாயின. அவற்றில் முத்திரை கிடையாது.

கைப்பற்றிய ஆயுதத்தைக் கொண்டுசெல்ல ராணுவம் கொடுத்த அனுமதித்தாள் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் எண்ணை எழுத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. 9999ஐத் தொட்டதும் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. ஆகவே ஒரே நான்கிலக்க எண் ஒரே ஆண்டில் ஒரே ஆலையில் பலமுறை வரும்.

பைக்குள் அடங்குவதற்காக வீரர்கள் கட்டையை வளையத்துக்கு அடியில் அறுத்ததுண்டு. இந்த வெட்டு விலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் எந்த வாய்க்கதையையும்விட நேர்மையான சாட்சி அது. அதை ஒட்டி மறைக்காதீர்கள்.

கட்டையைத் தேய்த்து மெருகேற்றுவது

வேண்டாம். உப்புத்தாள், இரும்பு நார், வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

குழலின் அளவைப் பார்க்காமல் சுடுவது

இங்கே இழப்பது பணத்தை மட்டுமல்ல. போருக்குப் பிறகு நார்வேயில் விட்டுச்செல்லப்பட்ட ரைஃபிள்கள் பலவற்றை நார்வே ராணுவம் அமெரிக்க .30-06 தோட்டாவுக்கு மாற்றியது. இஸ்ரேல் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது. வெளித்தோற்றம் அதே கே98கேதான். துளை சிறிதான இந்தக் குழல்களில் 7.92 குண்டைத் திணித்துச் சுட்டால் முகத்துக்கு அருகே அழுத்தம் வெடிக்கலாம். ரிசீவரிலும் குழலிலும் '7.62' என்ற பொறிப்பைத் தேடுங்கள். ஐயம் இருந்தால், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் தோட்டா அமரும் அறையின் அளவை எடுத்த பிறகே சுடுங்கள்.

யூகோஸ்லாவிய எம்48ஐ ஜெர்மன் என்று வாங்குவது

போருக்குப் பிறகு செய்தது. நடுத்தர நீள ரிசீவர். கே98கே போல்ட் அதற்குப் பொருந்தாது. நல்ல ரைஃபிள்தான், ஆனால் அதன் விலை வேறு.

தொலைநோக்கி பொருத்திய குறிசுடும் ரைஃபிள்

சேகரிக்கத் தொடங்கிய முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்காதீர்கள்.

பழைய தோட்டாவைச் சுட்டுவிட்டு எண்ணெய் மட்டும் போடுவது

1950களின் யூகோஸ்லாவிய உபரித் தோட்டாக்கள் குழலில் உப்பை விட்டுச்செல்லும். உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் வெந்நீர், பிறகு துணி, அதன்பின் எண்ணெய். ஓர் இரவு தள்ளிப்போட்டாலே குழல் துருப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சின்னங்களைச் சுரண்டுவது

இதை நல்ல மனத்தோடு செய்கிறார்கள். ஸ்வஸ்திகாவை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் கூசும்; எனக்கும் கூசுகிறது. ஆனாலும் சுரண்டாதீர்கள். என்னிடம் 'பி-சி-டி 43' குறியிட்ட ரைஃபிள் ஒன்று இருக்கிறது. வைமார் நகரின் குஸ்ட்லோஃப் ஆலையின் குறி அது. அந்த நிறுவனத்தின் வேர், யூதரான சிம்சன் குடும்பத்திடமிருந்து நாஜிகள் பறித்துக்கொண்ட ஜூல் நகர ஆயுத ஆலை. 1943இல் புக்கன்வால்ட் வதைமுகாமை ஒட்டியே குஸ்ட்லோஃப் ஓர் ஆலையைத் தொடங்கி, கைதிகளைக் கொண்டு ரைஃபிள் பாகங்களைச் செய்தது. 1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அதைக் குண்டுவீசி அழித்தபோது கைதிகள் பலரும் இறந்தார்கள். ஸ்டேயர் நிறுவனமும் குசன் வதைமுகாம் கைதிகளிடம் இப்படியே வேலை வாங்கியது. அந்தக் கழுகு முத்திரையும் மூன்றெழுத்துக் குறியும்தான் இந்த இரும்பு எங்கே, யாருடைய கைகளால் உருவாக்கப்பட்டிருக்கலாம் என்று இன்று நமக்குச் சொல்கின்றன. என் வீட்டில் அந்த ரைஃபிள் சுவரில் தொங்குவதில்லை. பெட்டிக்குள் இருக்கிறது, கூடவே இந்த விவரங்களை எழுதிய ஒரு தாளும் இருக்கிறது. எனக்குப் பிறகு அதை யார் வாங்கினாலும் அந்தத் தாளும் சேர்ந்தே போகும்.