அமெரிக்க டிசெபிலிட்டி பணம் கோத்தகிரியிலும் நிற்காமல் வர

தபால் ஆபீஸ் கவுண்டரிலேயே தலை நரைத்தவள் நான். ஓய்வுக்கு அப்புறம் பார்க்கும் வேலை, பக்கவாதம் வந்து நியூஜெர்சியிலிருந்து கோத்தகிரிக்கே திரும்பிவிட்ட அண்ணனின் காகிதங்களைக் கவனிப்பது. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசுத் துறையில் இருந்து, உடல் முடியாமல் வேலை பார்க்க இயலாதவர்களுக்குத் தரும் டிசெபிலிட்டி பணம் மாதாமாதம் வருகிறது. "இங்கே வந்து தங்கினால் நிறுத்திவிட மாட்டார்களா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மாட்டார்கள். அவர்கள் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் போகவில்லை என்றால் நிறுத்துவார்கள்.

முதலில் உங்களுக்கு வருவது எந்தப் பணம் என்று பாருங்கள். எஸ்எஸ்டிஐ என்பது வேலை பார்த்த காலத்தில் சம்பளத்தில் பிடித்த வரிக்காகக் கிடைப்பது. குடியுரிமை உள்ளவருக்கு அது இந்தியாவிலும் தொடரும். எஸ்எஸ்ஐ என்பது வருமானமும் சொத்தும் இல்லாதவருக்கான உதவி. தொடர்ந்து 30 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலே அது நின்றுவிடும். திரும்பிப் போய் அங்கே தொடர்ந்து 30 நாள் இருந்தால்தான் மறுபடி கிடைக்கும். இரண்டும் சேர்த்து வாங்குகிறவர்கள் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்கு ஆறு முழு மாதம் வெளியே இருந்தால் பொதுவாக எஸ்எஸ்டிஐயும் நின்றுவிடும். ஆனால் தன் சொந்த உழைப்பில் 40 கிரெடிட், அதாவது பத்து வருட வேலை, சேர்த்தவருக்கும், அங்கே பத்து வருடம் குடியிருந்தவருக்கும் விலக்கு உண்டு. கிரீன் கார்டு நிலைக்குமா என்பது தனிக் கதை.

சரி, இனி என் தொழில். முகவரி. மலையில் பாதிப் பேருடைய முகவரி "தண்ணீர் டேங்க்குக்கு மேல், மாரியம்மன் கோயில் பக்கம்" என்று இருக்கும். தபால்காரருக்கு அது போதும், ஆனால் அமெரிக்கக் கம்ப்யூட்டர் அதை ஏதோ ஒரு இடத்தில் வெட்டிவிடும். கதவு எண், தெரு அல்லது ஹட்டியின் (மலைக் கிராமத்தின்) பெயர், கோத்தகிரி, 643217, நீலகிரி என்று நான்கு சின்ன வரிகளில் அடக்கிவிடுங்கள். பின்கோடும் ஊரும் சரியாக இருந்தால் மீதியை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். பட்டுவாடா செய்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வையுங்கள். சிலர் மகள் வீட்டு அமெரிக்க முகவரியையே கொடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இடம் மாறியதைத் தெரிவிப்பது கட்டாயம். கூடுதலாக வாங்கியதாகத் தெரியவந்தால் திருப்பிக் கேட்பார்கள்.

அந்த முகவரிக்கு மே, ஜூன் வாக்கில் எஸ்எஸ்ஏ-7162 என்ற பாரம் வரும். சிலருக்கு வருடா வருடம், சிலருக்கு ஒரு வருடம் விட்டு. பணத்தைக் கையாள வேறொருவர் நியமிக்கப்பட்டிருந்தால் 7161. எங்கே இருக்கிறீர்கள், வேலை பார்த்தீர்களா, கல்யாணம், விவாகரத்து உண்டா என்று கேட்பார்கள். பதில் போகவில்லை என்றால் இலையுதிர் காலத்தில் நினைவூட்டல் வரும். அங்கே இலையுதிர் காலம் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை, மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிகிற நேரம். அதனால் முதல் பாரத்தையே முடித்துவிடுவது நல்லது.

அண்ணனுக்கு வலது கை வராது. மணியார்டர் வாங்க வந்த பாட்டிகளிடம் கைநாட்டு வாங்கிய பழக்கத்தில் ஸ்டாம்ப் பேடைத் தேடினேன். தேவைப்படவில்லை. கையெழுத்துப் போட முடியாதவர் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும், இரண்டு சாட்சிகள் முகவரியோடு கையெழுத்திட வேண்டும். இடது கையால் பேனாவைக் குத்துகிற மாதிரி பிடித்து அண்ணன் இரண்டு கோடு இழுத்தார். பக்கத்து வீட்டு ஆசிரியரும் அவர் மனைவியும் சாட்சி.

பாரம் போக வேண்டியது பென்சில்வேனியாவில் உள்ள வில்க்ஸ்-பேரிக்கு. இருபுறமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள், ரசீதை அதனுடனேயே பின் செய்யுங்கள். 2025 ஆகஸ்டில் இங்கிருந்து அமெரிக்கா போகும் தபாலையே நிறுத்தி அக்டோபரில்தான் திரும்ப எடுத்தார்கள். அப்படி ஒரு சமயம் வந்தால் ஜெராக்ஸும் ரசீதும்தான் உங்கள் சாட்சி. சந்தேகம் கேட்கச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போகாதீர்கள். இந்தியாவுக்கான சோஷியல் செக்யூரிட்டி வேலைகளைக் கவனிப்பது பிலிப்பைன்ஸில், மணிலாவில் உள்ள ஃபெடரல் பெனிஃபிட்ஸ் யூனிட்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பணம் பொதுவாக மாதம் 3ஆம் தேதி விழும். அண்ணனுக்கு அமெரிக்க பேங்க் கணக்கிலேயே விழுகிறது. ஓடிபி அந்த ஊர் நம்பருக்குத்தான் வரும், அதனால் அந்த சிம்மைச் சாகவிடாதீர்கள். எங்கள் வீட்டில் மொட்டை மாடியில்தான் டவர் கிடைக்கும். மூடுபனியில் குடை பிடித்துக்கொண்டு ஆறு எண்ணுக்காக நிற்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

மெடிகேர் என்ற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு இங்கே மருத்துவச் செலவுக்கு உதவாது. அதில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யின் பிரீமியத்தை நிறுத்தலாம், ஆனால் திரும்பச் சேரும்போது விட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடும். அண்ணன் இனி போகப் போவதில்லை என்று முடிவு செய்து நிறுத்தினோம்.

கடைசியாக, நோய் குணமாகிவிட்டதா என்று இடையிடையே பரிசீலனை வரும். முன்னேற்றத்துக்கு வாய்ப்பு உள்ளவருக்குச் சுமார் 3 வருடத்துக்கு ஒருமுறை, வாய்ப்பு குறைவானவருக்கு 7. ஓபி சீட்டில் டாக்டர் கிறுக்கியதை நமக்கே படிக்க முடியாது. ஒவ்வொரு முறை காட்டும்போதும் நோயின் பெயர், என்ன செய்ய முடியவில்லை, தேதி மூன்றும் இருக்கும்படி லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் டைப் செய்து வாங்கிவிடுங்கள். பழைய ஸ்கேன் படங்களை மலைக் காற்றின் ஈரம் தின்றுவிடும். இரும்பு டிரங்கில் வைக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.