சேலத்தில் ஆத்தும ஆலோசனைக்கு ஒருவரைத் தேடும் லுத்தரன் விசுவாசிக்கு

ஆராதனை, திருவிருந்து, ஜெபக்கூட்டம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, ஆனால் மனதில் ஓடுவதை உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை என்று நம் சபைகளில் பலர் சொல்வார்கள். வழி இருக்கிறது, நம் முன்னோர்கள் வைத்துப் போனதுதான்.

முதலில் உங்கள் போதகரிடமே கேளுங்கள். "ஐயா, தனியாகப் பேசி ஜெபிக்கணும்" என்றால் போதும். சபைக் கமிட்டித் தகராறில் நீங்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் என்றால் பக்கத்துச் சபைப் போதகரிடம் போகலாம், அல்லது வேதத்தில் ஊறிய, கேட்டதை வெளியே விடாத ஒரு மூத்த சகோதரியிடம், சகோதரரிடம் போகலாம். இது இரண்டாம்தரம் இல்லை. சுவிசேஷம் நமக்கு வந்து சேரும் வழிகளைச் சொல்லும்போது, நம் சபை மரபைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர், 1536 கடைசியில் எழுதிய ஸ்மால்கால்டு பிரிவுகள் என்ற விசுவாச ஆவணத்தில், பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு ஆகியவற்றோடு சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வதையும் சேர்த்தே வைக்கிறார். ஆனால் "கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று உங்கள் கல்யாணத்தையும் வேலையையும் முடிவுசெய்து கொடுப்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். நமக்குத் தேவை கிறிஸ்துவின் மன்னிப்பை நம் காதில் சொல்கிற ஆள்.

இடம் அமைதியாக இருக்கட்டும். செவ்வாய்ப்பேட்டை மாதிரி நெரிசலில் வீட்டில் பேசுவது கஷ்டம், ஆராதனை இல்லாத நேரத்தில் ஆலயமே நல்லது. ஏற்காட்டுக்குப் போவதென்றால் வார நாளில் போங்கள், ஞாயிறும் கோடை விழா நாட்களும் ஏரிப் பக்கம் கூட்டம் தாங்காது.

பேசப் போவதற்கு முந்தின இரவு, லுத்தர் கேள்வி-பதிலாக எழுதி 1529-ல் வந்த சிறிய ஞானோபதேசத்தில் பாவ அறிக்கைப் பகுதியை எடுத்துப் படியுங்கள். பத்துக் கட்டளைகளின்படி உன் நிலையைப் பார் என்கிறது அது: நீ அப்பாவா, அம்மாவா, மகனா, மகளா, முதலாளியா, வேலையாளா? சோம்பலாக இருந்தாயா, யாரையும் புண்படுத்தினாயா? கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் கூலி கொடுத்த விதத்தை யோசிக்கலாம், மருமகளிடம் மாதக்கணக்கில் முகம் கொடுக்காத மாமியார் அதை யோசிக்கலாம். எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை, லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530-ன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 11-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, தனிப்பட்ட பாவமன்னிப்பைச் சபை விட்டுவிடக்கூடாது என்றும் சொல்கிறது. உறுத்துவதைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் எழுந்துவிடாதீர்கள், மன்னிப்பின் வார்த்தை வரும்வரை இருங்கள், அதைக் கேட்கத்தான் போனீர்கள். "நான் கூறும் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பு என்று விசுவாசிக்கிறாயா?" என்று ஞானோபதேசத்தில் போதகர் கேட்பார். அதற்கு ஆம் என்று சொல்ல முடியாமல் திணறினால், அந்தத் திணறலையே அவரிடம் சொல்லுங்கள், அங்கிருந்துதான் பேச்சு ஆழமாகப் போகும்.

அப்புறம் வீட்டில் ஜெபம். தனக்கு முடிவெட்டும் பேதுரு எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு லுத்தர் 1535-ல் எழுதிக் கொடுத்த முறை அருமையானது. ஒரு கட்டளையை எடுங்கள்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். நான்கும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று இல்லை. நடுவில் ஒரு நல்ல எண்ணம் வந்து நிறைந்தால் மற்றதை விட்டுவிட்டு அதைக் கவனி என்று அவரே சொல்கிறார்.

ஜெபம் வறண்டுபோகும் வாரங்களும் வரும். விசுவாசம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெபம், தியானம் இவற்றோடு சோதனையையும் லுத்தர் 1539-ல் வேதம் கற்கும் வழியாகவே சேர்த்து எழுதினார். ஆனால் தூக்கமே இல்லை, சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள், தனியாக இருக்காதீர்கள், மனச்சோர்வில் இருப்பவர்களுக்குத் தனிமை வேண்டாம் என்றுதான் லுத்தரும் எழுதினார். ஜெபமும் மாத்திரையும் ஒன்றையொன்று தடுக்காது.

மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போதும். கிளம்பும்போதே அடுத்த தேதியைப் பேசி வையுங்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் வாரங்களே வந்துவிடும்.