கோடவுனும் கிட்டங்கியும்: சொல்லின் வேர் தேடுவோர் வழுக்கும் இடங்கள்

சிங்கப்பூர் ஆற்றோரத்துக் கிளார்க் கீயில் இன்று உணவகங்களாக இருக்கும் பழைய கட்டடங்கள் பல, ஒரு காலத்தில் சரக்கு வைக்கும் கோடவுன்கள். சரக்கைப் படகிலிருந்து கீழே இறக்கி வைத்ததால் 'கோ டவுன்' என்று பெயர் வந்ததாகச் சிலர் விளக்குவார்கள். கேட்கச் சுவைதான், ஆனால் தவறு. ஆங்கிலேயர் காதில் விழுந்தது மலாயின் 'குடாங்'. புரியாத சொல்லைத் தங்களுக்குத் தெரிந்த இரு சொற்களின் சாயலில் எழுதிக்கொண்டார்கள்.

மலாயோடு நின்றுவிடுவதும் தவறுதான். குடாங்கின் பின்னே நம் கிடங்கு தெரிகிறது. செட்டித் தெரு என்று நம்மவர் அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டில், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியும் அதே குடும்பம். உடனே 'தமிழ்ச் சொல்' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். தெலுங்கிலும் 'கிடங்கி' உண்டு. மூலம் எது என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை. 'தென்னிந்திய மொழியிலிருந்து மலாய் வழியாக' என்று எழுதினால் போதும்.

ஆங்கிலச் சொற்கள் தமிழிலிருந்து வந்தவை என்று காட்ட வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது ஒலி ஒற்றுமைப் பட்டியல்: ஒன்று–வன், எட்டு–எய்ட். இதைச் சோதிக்க எளிய வழி, ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தைப் பார்ப்பது. உறவு உண்மையானால் பின்னே போகப் போக ஒலி தமிழை நெருங்க வேண்டும். 'வன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. முன்னால் நிற்கும் வகர ஒலி பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஒட்டிக்கொண்டது. அதே சொல்லிலிருந்து கிளைத்த 'அலோன்', 'ஒன்லி' இரண்டிலும் அது இல்லை, பாருங்கள். எட்டின் கதையும் அதேதான்: ஜெர்மனில் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ'.

'கேஷ்' இன்னும் வழுக்கும். எழுத்து ஒன்று, சொற்கள் இரண்டு. கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அது லத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்ஸா'விலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய வழியாக வந்தது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கு ஆங்கிலேயர் வைத்த 'கேஷ்'தான் நம் காசு. போர்த்துகீசியர் வாயில் 'கைஷா'வாகிப் போனது. முதலாவதைத் தமிழ் என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் இரண்டாவதையும் நம்பமாட்டார்.

பொருள் மாறியதால் உறவை மறுப்பதும் உண்டு. நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. உல்லாசப் படகுத்துறையில் நிற்கும் கட்டமரான் இரட்டை உடல் கொண்ட கண்ணாடியிழைப் படகு. கட்டிய மரம் ஒன்றுகூட அதில் இல்லை, ஆனாலும் சொல் நம்முடையதுதான்.